பிஎச்.டி. முடிச்சா பேராசிரியர் வேலை மட்டும்தானா? ஆய்வு மாணவர்களை அழைக்கும் 'ஆர்.எஸ்.இ.' வேலை... தயாராவது எப்படி?

2020 மார்ச் 16. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஆய்வுக்குழு ஒன்று கொரோனா பற்றி ஓர் அறிக்கையை வெளியிட்டது. எந்தக் கட்டுப்பாடும் இல்லாவிட்டால் பிரிட்டனில் சுமார் 5 லட்சம் பேர் வரை உயிரிழக்கலாம் என்றது அந்த அறிக்கை. ஒரே வாரத்தில், மார்ச் 23-ம் தேதி, பிரிட்டன் முழுவதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது.

அந்த எண்ணைக் கணக்குப் போட்டுச் சொன்னது ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம். "அதை வெளியில காட்டுங்க, நாங்களும் சரிபார்க்கிறோம்" என்று பல நாடுகளில் இருந்து குரல்கள் எழுந்தன. அப்போதுதான் குழுவை வழிநடத்திய நீல் ஃபெர்குசன் ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொன்னார். அது 13 வருடங்களுக்கும் முன்பு, ஃப்ளூ காய்ச்சல் பரவலைக் கணிக்க எழுதப்பட்டது. சி மொழியில் ஆயிரக்கணக்கான வரிகள். அந்த வரிகள் என்ன செய்கின்றன என்பதற்கு விளக்கக் குறிப்பு எதுவும் கிடையாது.

பிறகு மைக்ரோசாஃப்ட், கிட்ஹப் பொறியாளர்கள் உதவியோடு புரோகிராம் ஒழுங்குபடுத்தப்பட்டு, ஏப்ரலில் பொதுவெளிக்கு வந்தது. வந்ததும் விமர்சனங்கள் குவிந்தன. சில வாரங்கள் கழித்து, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஸ்டீஃபன் எக்லென் அதைத் தானே ஓட்டிப் பார்த்து, அறிக்கையில் உள்ள முடிவுகளைத் திரும்பப் பெற முடிகிறது என்று சான்றளித்தார்.

அதாவது, அறிக்கையின் எண்கள் அந்தப் புரோகிராமில் இருந்துதான் வந்தன என்பது உறுதியானது. ஆனால், ஒரு நாட்டையே முடக்கும் முடிவுக்குத் துணைநின்ற புரோகிராம், எழுதியவரைத் தவிர வேறு யாரும் எளிதில் படிக்க முடியாத நிலையில் இருந்தது.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் இப்போது ஒரு தனி வேலையே உருவாகியிருக்கிறது. அதற்குப் பொருத்தமானவர்கள் பிஎச்.டி. படித்தவர்கள். அது என்ன வேலை? யார் போகலாம்? எப்படித் தயாராவது? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த 'ஆர்.எஸ்.இ.'?

ரிசர்ச் சாஃப்ட்வேர் இன்ஜினீயர் என்பதன் சுருக்கம்தான் ஆர்.எஸ்.இ. தமிழில் 'ஆய்வு மென்பொருள் பொறியாளர்' என்று சொல்லலாம். விஞ்ஞானிக்குத் தேவையான மென்பொருளை எழுதுவது, சரிபார்ப்பது, பல வருடங்களுக்கு ஓடும்படி பராமரிப்பது இவர்களின் வேலை.

"அதான் ஐ.டி. கம்பெனியில நிறைய பேர் செய்றாங்களே" என்று கேட்கலாம். வித்தியாசம் இருக்கிறது. ஒரு ஆப் தயாரிக்கும்போது பட்டனை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரியும். ஆராய்ச்சியில் சரியான விடை என்ன என்பதே பல நேரங்களில் தெரியாது. கம்ப்யூட்டர் காட்டும் எண் புதிய கண்டுபிடிப்பா, அல்லது புரோகிராமில் உள்ள பிழையா? இதைப் பிரித்துப் பார்க்க கோடிங் மட்டும் போதாது, அந்த அறிவியலும் தெரிந்திருக்க வேண்டும்.

இப்படிப்பட்டவர்கள் பல்கலைக்கழகங்களில் முன்பே இருந்தார்கள். ஆனால் அவர்களுக்கு ஒரு பெயர் இல்லை. 'போஸ்ட்டாக்' என்ற பதவியில் இருப்பார்கள், நாள் முழுக்க புரோகிராம் எழுதுவார்கள். பதவி உயர்வு நேரத்தில் மட்டும் "எத்தனை பேப்பர் போட்டீங்க?" என்ற கேள்வி வரும். பதில் இருக்காது.

2012-ல் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த ஒரு பயிலரங்கில் இந்தக் குறையைப் பேசியவர்கள்தான் 'ஆர்.எஸ்.இ.' என்ற பெயரை வைத்தார்கள். 2016-ல் மான்செஸ்டரில் இவர்களுக்கான முதல் மாநாடு நடந்தது. 2019-ல் பிரிட்டனில் தனிச் சங்கமே பதிவானது. ஜெர்மனி, அமெரிக்கா என்று பல நாடுகளில் இதுபோன்ற அமைப்புகள் உள்ளன. ஆசியாவுக்கும் 'ஆர்.எஸ்.இ. ஆசியா' என்ற அமைப்பு இருக்கிறது.

ஒரு சின்னப் பிழை என்ன செய்யும்?

இரண்டு சம்பவங்களைப் பார்த்தால் இந்த வேலையின் அவசியம் புரியும்.

முதல் சம்பவம், 2006-ல் நடந்தது. புரதங்களின் வடிவத்தை ஆராய்ந்த அமெரிக்கக் குழு ஒன்று, புகழ்பெற்ற இதழ்களில் வெளியான தனது 5 ஆய்வுக் கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. காரணம், அவர்களே பயன்படுத்திவந்த சிறிய புரோகிராம் ஒன்று, தரவில் இருந்த இரண்டு நெடுவரிசைகளை இடம் மாற்றிப் படித்திருக்கிறது. அந்தப் புரோகிராம் வேறொரு ஆய்வகத்தில் இருந்து கைமாறி வந்தது. பல வருட உழைப்பு அதனால் வீணானது.

இரண்டாவது சம்பவம், நாம் எல்லோரும் பயன்படுத்தும் எக்செல் பற்றியது. 'செப்ட்2', 'மார்ச்1' என்ற பெயர்களில் மனித மரபணுக்கள் இருந்தன. எக்செலில் டைப் செய்தால் அது தானாகவே செப்டம்பர் 2, மார்ச் 1 என்று தேதியாக மாற்றிவிடும். எக்செல் கோப்பில் மரபணுப் பட்டியல் தந்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016-ல் ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில், 2020-ல் மரபணுக்களின் பெயரையே மாற்றினார்கள்.

இரண்டிலும் யாரும் ஏமாற்றவில்லை. "இது சரியா ஓடுதா?" என்று சோதிக்கும் பொறுப்பு யாருக்கும் இல்லாமல் போனதுதான் பிரச்னை.

முன்பே போனவர்கள் யார்?

ஆராய்ச்சியில் இருந்து மென்பொருள் பக்கம் போனவர்களின் பட்டியல் பெரியது. நான்கு பேரை மட்டும் பார்ப்போம். நால்வரும் நான்கு வெவ்வேறு வழியில் போனவர்கள்.

* ஃபெர்னாண்டோ பெரெஸ்: 2001-ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆய்வு மாணவர். தன் வேலையை எளிதாக்க 'ஐபைதான்' என்ற கருவியை எழுதினார். அதில் இருந்து 2014-ல் பிறந்ததுதான் இன்று டேட்டா சயின்ஸ் படிக்கும் எல்லோரும் திறக்கும் 'ஜூபிட்டர்'. இவர் பல்கலைக்கழகத்திலேயே தங்கி, பேராசிரியர் ஆனார்.

* ஜான் ஹன்டர்: மூளை நரம்பியல் ஆய்வாளர். வலிப்பு நோயாளிகளின் மூளை மின் அலைகளைத் திரையில் வரைந்து பார்க்க ஒரு கருவி தேவைப்பட்டது. அவரே எழுதினார். 2003-ல் வெளியான அதுதான் 'மேட்பிளாட்லிப்'. இவர் பிறகு நிதித் துறை நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 2012-ல் மறைந்துவிட்டார். பைதானில் வரைபடம் போடுபவர்கள் இன்றும் அவரது கருவியைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

* டிராவிஸ் ஒலிஃபன்ட்: மேயோ கிளினிக்கில் மருத்துவப் படங்கள் தொடர்பாக பிஎச்.டி. செய்தவர். உதவிப் பேராசிரியராக இருந்த காலத்தில் 'நம்பை' என்ற பைதான் தொகுப்பை உருவாக்கினார். 2006-ல் அதன் முதல் முழுப் பதிப்பு வந்தது. அப்புறம் பல்கலைக்கழக வேலையை விட்டுவிட்டு, 2012-ல் சொந்த நிறுவனம் தொடங்கினார். அதுதான் இன்றைய அனகோண்டா.

* ஜான் ஜம்பர்: 2017-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் வேதியியலில் முனைவர் பட்டம். அதே வருடம் கூகுளின் டீப்மைண்டில் சேர்ந்தார். புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் 'ஆல்ஃபாஃபோல்டு' மென்பொருளுக்காக 2024-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நோபல் பரிசு எல்லோருக்கும் கிடைக்கப் போவதில்லை. முதல் மூன்று பேரிடமும் கவனிக்க வேண்டிய விஷயம் வேறு. அவர்கள் "சாஃப்ட்வேர் வேலைக்குப் போகணும்" என்று திட்டம் போட்டுத் தொடங்கவில்லை. சொந்த ஆராய்ச்சிக்கு எழுதிய கருவியை, அடுத்தவரும் பயன்படுத்தும்படி செய்தார்கள். அங்கிருந்துதான் பாதை மாறியது.

தீசிஸுக்கு எழுதுவதும் வேலைக்கு எழுதுவதும் ஒன்றா?

இல்லை. ஒரு வேதியியல் ஆய்வு மாணவியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஐந்து வருடமாக பைதானில் எழுதிவருகிறார். அவர் லேப்டாப்பில் 'அனாலிசிஸ்_ஃபைனல்', 'ஃபைனல்_நியூ', 'ஃபைனல்_நியூ_2' என்று மூன்று கோப்புகள். எது உண்மையான ஃபைனல் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

நடுவில் ஒரு வரியில் 0.73 என்று ஓர் எண். மூன்று வருடத்துக்கு முன் ஒரு ராத்திரி அவரே போட்டது. ஏன் 0.73? இப்போது அவருக்கே ஞாபகம் இல்லை. அதை எடுத்துவிட்டால் வரைபடம் கோணலாகிவிடும். அதனால் தொடுவதில்லை.

அவர் வைவா முடித்துக் கிளம்பிவிடுகிறார். அடுத்து வரும் ஜூனியர் அந்தப் புரோகிராமை ஓட்டினால் முதல் வரியிலேயே எரர். சீனியரின் லேப்டாப்பில் மட்டும் இருந்த ஃபோல்டரை அது தேடுகிறது. ஜூனியர் ஆறு மாதம் செலவழித்து, எல்லாவற்றையும் முதலில் இருந்து எழுதுகிறார்.

இந்த மாணவி திறமை குறைந்தவர் இல்லை. ஆய்வு வாழ்க்கையில் அவரிடம் கேட்கப்பட்டது ஒரே கேள்விதான்: "ரிசல்ட் வந்துச்சா?" வேலைக்குப் போனால் கேள்வி மாறிவிடும்: "நீங்க லீவுல இருக்கும்போது வேற யாராவது இதை ஓட்ட முடியுமா?"

பிஎச்.டி.யில் இருந்து மென்பொருள் வேலைக்குப் போகும் பயணம் மொத்தமும் இந்த இரண்டு கேள்விகளுக்கு நடுவில்தான் இருக்கிறது. புதிதாகப் பத்து கம்ப்யூட்டர் மொழிகளைக் கற்பதைவிட இந்தப் பழக்கம்தான் முக்கியம்.

என்னென்ன செய்யணும்?

தீசிஸ் எழுதி முடித்த பிறகு தொடங்கலாம் என்று நினைக்காதீர்கள். கடைசி இரண்டு வருடத்திலேயே, ஆய்வோடு சேர்த்தே இதைச் செய்யலாம்.

1. 'கிட்' பழகுங்கள்: புரோகிராமில் எந்த மாற்றத்தை யார், எப்போது, ஏன் செய்தார்கள் என்று பதிந்துவைக்கும் கருவி இது. இது வந்தால் 'ஃபைனல்_நியூ_2' தேவையில்லை. வேலைக்கான நேர்காணலில் இது தெரியாது என்று சொன்னால் அங்கேயே கதை முடிந்துவிடும்.

2. டெஸ்ட் எழுதுங்கள்: விடை தெரிந்த சின்னக் கணக்கைக் கொடுத்து, சரியாக வருகிறதா என்று கம்ப்யூட்டரே தினமும் சோதிக்கும்படி செய்வதுதான் டெஸ்ட். உங்கள் பிஎச்.டி. அறிவு நேரடியாகப் பயன்படும் இடம் இது. மொத்த ஆற்றல் மாறாமல் இருக்கிறதா, மக்கள் தொகை எண்ணிக்கை மைனஸில் போகிறதா என்று சோதிக்க வேண்டும் எனத் துறை தெரிந்தவருக்குத்தான் தோன்றும்.

3. வேறொரு கம்ப்யூட்டரில் ஓட்டுங்கள்: என்னென்ன தொகுப்புகள், எந்தப் பதிப்புகள் தேவை என்று எழுதிவையுங்கள். ஒரு பக்க விளக்கமாவது இருக்கட்டும். எப்படி நிறுவுவது, எப்படி ஓட்டுவது, மாதிரிக்கு ஓட்டினால் என்ன விடை வரும் என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும்.

4. அடுத்தவர் புரோகிராமில் கை வையுங்கள்: உங்கள் துறையில் எல்லோரும் பயன்படுத்தும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் ஒன்று நிச்சயம் இருக்கும். அதில் ஒரு சின்னப் பிழையைத் திருத்தி அனுப்புங்கள். "இந்த வரியை மாத்தி எழுதுங்க" என்று முன்பின் தெரியாத ஒருவர் திருப்பி அனுப்புவார். மனசு கொஞ்சம் சுருக்கென்று இருக்கும். ஆனால் வேலையில் தினமும் நடக்கப்போவது அதுதான்.

5. புரோகிராமுக்கும் பேப்பர் போடலாம்: 'ஜர்னல் ஆஃப் ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர்' என்ற இதழ் 2016 முதல் வெளிவருகிறது. அதில் மதிப்பீட்டாளர்கள் உங்கள் மென்பொருளை நிறுவி, ஓட்டி, டெஸ்ட், விளக்கம் எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பேப்பர் கணக்கு கேட்கும் கைடுக்கும் பதில் கிடைக்கும், வேலை கொடுப்பவருக்கும் சான்று கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஆய்வகத்தில் எழுதிய புரோகிராமின் உரிமை உங்களுக்கு மட்டும் சொந்தமாக இல்லாமல் போகலாம். பொதுவெளியில் போடும் முன் கைடிடமும் நிறுவனத்திடமும் எழுத்துபூர்வமாக அனுமதி வாங்குவது நல்லது.

பைதான் தெரிந்தால் தொடங்கலாம். சூப்பர் கம்ப்யூட்டர் பக்கம் போக ஆசை இருந்தால் சி++ அல்லது ஃபோர்ட்ரான், ஆயிரக்கணக்கான பிராசஸர்களில் ஒரே கணக்கைப் பிரித்து ஓட்டும் முறை, ஜி.பி.யு. புரோகிராமிங் ஆகியவை தேவைப்படும். ஐ.ஐ.டி.க்கள் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். தளத்தில் இவற்றுக்கான பாடங்களை இலவசமாகவே பார்க்கலாம்.

இந்தியாவில் வேலை எங்கே இருக்கு?

வெளிப்படையாகச் சொன்னால், 'ஆர்.எஸ்.இ.' என்ற பெயரில் தேடினால் இங்கே அதிகம் கிடைக்காது. வேலை இருக்கிறது, பெயர்தான் வேறு. 'ப்ராஜெக்ட் சயின்டிஸ்ட்', 'ப்ராஜெக்ட் இன்ஜினீயர்', 'சயின்டிஃபிக் ஆஃபீசர்', 'ஹெச்.பி.சி. இன்ஜினீயர்' என்று தேடிப் பாருங்கள். ஹெச்.பி.சி. என்றால் சூப்பர் கம்ப்யூட்டர் சார்ந்த பணி.

* சூப்பர் கம்ப்யூட்டர்: 2015-ல் தொடங்கப்பட்ட தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்தை சி-டாக், பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் ஆகியவை செயல்படுத்துகின்றன. கம்ப்யூட்டரை நிறுவினால் மட்டும் போதாது, அதில் ஓடும் அறிவியல் மென்பொருளைத் தயார்செய்ய ஆட்கள் வேண்டும்.

* வானிலை: 2024 செப்டம்பரில் புனேயில் 'அர்கா', நொய்டாவில் 'அருணிகா' என்ற சூப்பர் கம்ப்யூட்டர்கள் பயன்பாட்டுக்கு வந்தன. 2025 மே மாதம் 6 கிலோமீட்டர் துல்லியத்தில் கணிக்கும் 'பாரத்' முன்னறிவிப்பு முறை அறிமுகமானது. இதற்குப் பின்னால் இருப்பது லட்சக்கணக்கான வரிகள் கொண்ட புரோகிராம்கள்.

* வானியல்: ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் கட்டப்படும் எஸ்.கே.ஏ. ரேடியோ தொலைநோக்கியின் கட்டுப்பாட்டு மென்பொருள் பணியில் புனேயின் தேசிய ரேடியோ வானியற்பியல் மையத்துக்கு முக்கியப் பங்கு உண்டு.

* தனியார்: பொறியியல் சிமுலேஷன், மருந்துக் கண்டுபிடிப்பு, ஜி.பி.யு. துறைகளில் உள்ள அன்சிஸ், மேத்வொர்க்ஸ், ஷ்ரோடிங்கர், என்விடியா போன்ற நிறுவனங்களுக்கு இந்தியாவில் அலுவலகங்கள் உள்ளன. துறை அறிவும் கோடிங்கும் சேர்ந்தவர்களுக்கு இங்கே தேவை இருக்கிறது.

என்னென்ன இழக்க வேண்டியிருக்கும்?

நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது.

முதலாவது, பணமும் வயதும். மத்திய அரசின் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு வருடம் கழித்து எஸ்.ஆர்.எஃப். ஆனால் 42,000 ரூபாய். இதில் ஐந்தாறு வருடம் ஓட்டி முடிக்கும்போது வயது 30-ஐத் தொட்டிருக்கும். "உன் கூடப் படிச்சவன் வீடு கட்டிட்டான்" என்ற பேச்சு வீட்டில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில், கல்லூரி முடித்ததும் வேலைக்கு வந்த 25 வயதுக்காரர் உங்கள் டீம் லீடராக இருக்கலாம். அவரிடம் கற்றுக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும்.

இரண்டாவது, பெயர். ஆய்வில் உங்கள் கட்டுரையில் உங்கள் பெயர் முதலில் இருக்கும். இங்கே உங்கள் மென்பொருளை வைத்து அடுத்தவர் கண்டுபிடிப்பார். உங்கள் பெயர் நன்றியுரையில் வரலாம், வராமலும் போகலாம்.

மூன்றாவது, நிரந்தரம். அரசு ஆய்வு நிறுவனங்களில் இத்தகைய பணிகள் பலவும் திட்ட ஒப்பந்தங்கள்தான். திட்டம் முடிந்தால் வேலையும் முடியலாம். சேரும் முன் எத்தனை வருடம், நீட்டிப்பு உண்டா என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

நான்காவது, திரும்பி வருவது கடினம். கட்டுரைகள் எழுதாத சில வருடங்களுக்குப் பிறகு பேராசிரியர் பணிக்கு விண்ணப்பித்தால் அந்த இடைவெளி கேள்வியாகும்.

ஏ.ஐ. வந்தாச்சே, இந்த வேலை இருக்குமா?

இன்று பலரும் கேட்கும் கேள்வி. புரோகிராமை வேகமாக எழுதித் தருவதில் ஏ.ஐ. கருவிகள் நிஜமாகவே உதவுகின்றன. ஆனால், அந்த 2006 சம்பவத்தை மறுபடியும் நினைத்துப் பாருங்கள். புரோகிராம் எரர் காட்டாமல் ஓடியது. அழகான வடிவமும் வந்தது. வந்த விடைதான் தவறு.

ஏ.ஐ. எழுதிய புரோகிராமிலும் இதே ஆபத்து உண்டு. அதுவும், படிக்க நேரம் இல்லாத அளவுக்கு நிறைய எழுதித் தள்ளும். "இந்த எண் இயற்கையில சாத்தியமே இல்லையே" என்று பார்த்ததும் சந்தேகப்படும் கண், பல வருட ஆய்வில் வந்தது. எழுதும் வேலை குறையலாம், சரிபார்க்கும் வேலை கூடத்தான் செய்யும்.

கைடிடம் எப்படிச் சொல்வது?

பலருக்கும் நேர்காணலைவிட இதுதான் பயம். "இவ்ளோ வருஷம் சொல்லிக் கொடுத்தது இதுக்கா?" என்ற கேள்வி வருமோ என்ற தயக்கம். கடைசி மாதத்தில் அதிர்ச்சி கொடுப்பதைவிட, ஒரு வருடம் முன்பே பேசுவது நல்லது. "சார், நான் போறதுக்கு முன்னாடி நம்ம லேப் புரோகிராமை எல்லாம் ஒழுங்குபடுத்தி, ஜூனியர்ஸ் யூஸ் பண்ற மாதிரி கொடுத்துட்டுப் போறேன்" என்று தொடங்கிப் பாருங்கள். அது லேபுக்கும் லாபம், உங்கள் ரெஸ்யூமேக்கும் முதல் வரி.

நேர்காணலில் "ஏன் ஆய்வை விட்டு வர்றீங்க?" என்று கேட்பார்கள். "பேராசிரியர் வேலை கிடைக்கல" என்று சோகமாகச் சொல்லத் தேவையில்லை. ஆய்வில் எந்தப் பகுதி உங்களுக்குப் பிடித்திருந்தது, அதில் நீங்கள் எழுதிய எதை இன்று மற்றவர்கள் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்ல ஒன்று இருந்தால், பாதி நேர்காணல் அங்கேயே முடிந்தது.

இன்றே செய்து பார்க்கலாம்

இந்த வேலை உங்களுக்குச் சரிவருமா என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய சோதனை. உங்கள் தீசிஸ் புரோகிராமை லேபில் ஒரு ஜூனியரிடம் கொடுங்கள். பக்கத்தில் உட்காருங்கள், ஆனால் கீபோர்டைத் தொடாதீர்கள், வாயையும் திறக்காதீர்கள். அவர் எங்கெல்லாம் நிற்கிறார் என்று மட்டும் ஒரு தாளில் குறியுங்கள்.

அந்தத் தாளைப் பார்த்ததும் "இவனுக்கு இதுகூடத் தெரியலையே" என்று எரிச்சல் வந்தால், ஆய்விலேயே தொடர்வது உங்களுக்கு நிம்மதியாக இருக்கலாம். "அட, இதை இப்படி மாத்தினா அவனுக்கு ஈஸியா இருக்குமே" என்று கை பரபரத்தால், நீங்கள் ஏற்கெனவே பாதி ஆர்.எஸ்.இ. தான்.